செண்பகத்தின் பண்ணை

ஜூன் 9, ஞாயிறு

அவருக்கு இன்று முதல் வருடத் திதி. ஐயர் சீக்கிரம் வந்து சீக்கிரம் முடித்துக்கொண்டு போனார். நாத்தனார் ராஜாத்தி மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். வடைக்கு அரைத்தது, இலை போட்டது எல்லாம் அவள்தான். சிந்துஜா வரவில்லை. ஜெர்மனியிலிருந்து இதற்காக மகள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அத்தையின் போனில் வீடியோவில் வந்தாள். ராஜாத்தி போனைத் தூக்கிக்கொண்டு போய் மாலை போட்ட படத்தையும் படையலையும் காட்டினாள். சமையலறைப் பக்கம் வந்தபோது மட்டும் போனைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ராஜாத்தி பாயில் படுத்துக்கொண்டு போனில் கோதுமை அறுத்தாள். ஏதோ பண்ணை விளையாட்டு. கோழிக்குத் தீனி, ஆட்டுக்குத் தீனி, அடுப்பில் ரொட்டி. பேரன் எடுக்கும் வயதில் இது என்ன என்று கேட்டேன். சிந்துஜாதான் சேர்த்துவிட்டாளாம். இருவரும் ஒரே குழுவாம்.

"அதுல பேசிக்குவீங்களா?"

"பெருசா என்ன பேச்சு அண்ணி. மாவு இருக்கா, நூல் இருக்கானு கேப்பா. நான் ஒண்ணு அனுப்புவேன், அவ ஒண்ணு அனுப்புவா. பக்கத்து வீட்டுல குடியிருக்கிற மாதிரி."

கொஞ்ச நேரம் கழித்து, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "வேற பேர்ல நீங்களும் வாங்களேன். உங்க பேரப் பாத்தா அவ வெளிய போயிருவா."

எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன்.

ஜூன் 12, புதன்

விளையாட்டை இறக்கினேன். பெயர் கேட்டது. ஆபீஸ் வாசலில் ஒரு செண்பக மரம் நிற்கிறது. அந்தப் பெயரைப் போட்டேன்.

கோதுமை இரண்டு நிமிடத்தில் விளைகிறது. விதைப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். நெல் முளைக்குமா என்று ஒரு கையெழுத்துப் போட இரண்டு வாரம் காத்திருக்கிறோம். எம்.எஸ்ஸி. விவசாயம் படித்தவள் இதை விளையாடுவது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

குழுவில் சேர இன்னும் சில நிலைகள் ஏற வேண்டுமாம். அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். கோதுமை தோசை.

ஜூன் 30, ஞாயிறு

ராஜாத்தி சிபாரிசு செய்து என்னைக் குழுவில் சேர்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், ஒருவர் கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். படிக்கக் கண் வலிக்கிறது. இங்கே தமிழிலேயே எழுதிவைக்கிறேன்.

சிந்துஜாவின் பெயர் குட்டித்தவளை. அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அந்தப் பெயர் பிடித்ததில்லை.

"வாங்க செண்பகம் அக்கா" என்று எழுதினாள். நான் வணக்கம் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

ஜூலை 6, சனி

இந்த விளையாட்டின் கணக்கு பிடிபட்டுவிட்டது. வாரம் ஒரு படகு வருகிறது. குழுவில் ஒவ்வொருவருக்கும் சில பெட்டிகள். படகு கிளம்பும் முன் எல்லோரும் நிரப்ப வேண்டும். தன்னிடம் இல்லாத பொருளுக்கு ஒருவர் சிவப்புக் கொடி வைத்தால் மற்றவர்கள் கொடுக்கலாம். ரொட்டி, வெண்ணெய் எல்லாம் உடனே ஆகிவிடும். தேன் கேக்குக்குக் காலை முழுக்க. கம்பளிப் போர்வைக்கு ஓர் இரவு முழுக்க. ஒரு தறியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். முடிந்ததை எடுக்காவிட்டால் அடுத்தது தொடங்காது. இவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் பணம் கட்டி வைரம் வாங்கி நேரத்தைத் தாண்டலாம். அவசரத்தை விற்றே ஒரு கம்பெனி பிழைக்கிறது. என்னிடம் ஒரு பைசா வாங்க முடியாது.

மற்றவர்கள் கண்ணில் பட்டதைத் தறியில் போடுகிறார்கள். நான் விழித்திருக்கும் நேரத்துக்குச் சின்ன வேலைகளும், ஆபீஸ் நேரத்துக்குக் கேக்கும், படுக்கும் முன் போர்வையும் என்று பிரித்துவிட்டேன். அறை வெப்பநிலை பார்த்து முளைப்பு அலமாரியில் தட்டுகளை மாற்றுவதைவிட இது எளிது.

சிந்துஜா எல்லாவற்றையும் கடைசி நேரத்துக்கு வைத்திருக்கிறாள். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போய் உட்காரும் பிள்ளை. இன்று மூன்று போர்வைக்குக் கொடி. மூன்றையும் நான் கொடுத்தேன்.

"அக்கா நீங்க தெய்வம்" என்று எழுதினாள்.

ஜூலை 19, வெள்ளி

இந்த வாரமும் எங்கள் படகு முதலில் கிளம்பியது. எப்படி எப்போதும் தயாராக வைத்திருக்கிறீர்கள் என்று குழுவில் கேட்டார்கள். சொன்னேன். மருந்துக்கடைக்காரர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாராம். ராஜாத்தி போன் செய்து சிரித்தாள். "ஆபீஸ்ல உக்காந்து கேக் சுடுறீங்க, கவர்மெண்டு சம்பளம் குடுக்குது" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். சொந்த விதை நெல்லைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். இன்று நேரில் வந்துவிட்டார். ஐந்தாம் நாள் முளைத்த விதைகளை எண்ணி முதல் எண்ணிக்கை எடுத்திருப்பீர்களே, அதை மட்டும் சொல்லுங்கள், நாற்றங்கால் தயாராக இருக்கிறது என்றார். பதினான்காம் நாள் கடைசி எண்ணிக்கை வராமல் எதையும் சொல்ல முடியாது என்றேன். பாதியில் சொல்லி, அது மாறிப்போனால் யார் பொறுப்பு?

"மழை உங்களுக்காகக் காத்திருக்குமா மேடம்" என்று கேட்டுவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் கேட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கொடியேற்றிவிட்டு வந்து துணி துவைத்தேன். சிந்துஜா குழுவில் எழுதாமல் எனக்குத் தனியாக எழுதினாள். போர்வைக்கு நன்றி சொல்லத்தான் முதலில். பிறகு உங்களுக்குப் பசங்க இருக்காங்களா அக்கா என்று கேட்டாள். ஒரு பெண், வெளியூரில் என்று எழுதினேன். பேசுவாளா என்றாள். அவளுக்கு வேலை அதிகம் என்றேன்.

"எங்கம்மாவும் என்னப் பத்தி எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்வாங்க."

அவளே தொடர்ந்தாள். மளமளவென்று வந்தது, எழுத்துப்பிழைகளோடு. ரயிலில் போய்க்கொண்டே எழுதியிருக்க வேண்டும்.

"அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப காய்ச்சல்னு சொன்னாங்க. தினமும் கேட்டேன். தினமும் காய்ச்சல். என் தீசிஸ் பரீட்சைக்கு முந்தின நாள் அப்பா போயிட்டாரு. எங்கிட்ட சொல்லல. நான் ஸ்லைடு காட்டிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன் அக்கா, அங்க எரிச்சிட்டாங்க. பரீட்சை எப்படி இருந்துச்சுனு கேட்டுட்டு அப்புறம் சொன்னாங்க."

இதில் சில தவறுகள் உள்ளன. முதலில் வைரஸ் காய்ச்சல் என்று சொன்னது டாக்டர். நுரையீரலுக்குப் போனது பிறகுதான் தெரிந்தது. சொல்ல வேண்டாம் என்றது அவர். ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகும் முன், பிள்ளை படிப்பைக் கெடுத்துவிடாதே என்றார். டிக்கெட் கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் எதுவும் மாறியிருக்கப் போவதில்லை. பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கினாள்.

"கஷ்டந்தான்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இரவு போர்வை போட மறந்துவிட்டேன். தறி காலையில் சும்மா நின்றது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இப்போது பெரும்பாலும் தினமும் எழுதுகிறாள். அங்கே வாடகை, மழை, உடன் வேலை பார்க்கும் துருக்கிப் பெண் கொண்டுவரும் ஊறுகாய். ரசத்துக்குப் புளி தீர்ந்துபோய்த் தக்காளியை மட்டும் போட்டு வைத்தாளாம், வாயில் வைக்க முடியவில்லையாம். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்திருக்கலாம் என்றேன். அடுத்த நாள் பிழிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

ஆபீஸில் எல்லோரும் நான் சிரிப்பதாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து என்று தெரியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

சிந்துஜா எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"டிசம்பர்ல ஊருக்கு வரலாம்னு இருக்கேன் அக்கா. அத்தை வீட்டுக்கு. அம்மாவப் பாக்கலாமா வேணாமானு தெரியல. நீங்க என்ன சொல்றீங்க?"

மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில், போய்ப் பாருங்கள், அவர்களும் நினைத்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எழுதினேன். யாரும் யாருக்கும் சொல்லக்கூடியதுதான்.

"அப்படியா நினைக்கிறீங்க? எங்கம்மா மூஞ்சில எதுவும் தெரியாது அக்கா. அப்பாவுக்குத்தான் தெரியும் அது."

ராஜாத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள். இப்போதே யாரென்று சொல்லிவிடுங்கள் என்றாள். டிக்கெட் போடட்டும், வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். பாதியில் சொன்னால் வருவதையே நிறுத்திவிடலாம்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க அண்ணி. பரீட்சை முடியட்டும்னு."

அது வேறு, இது வேறு என்றேன். உன் அண்ணன் சொன்னதைத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

ராஜாத்தி மெதுவாகச் சொன்னாள். "உள்ள போனப்பறமும் அண்ணன் கேட்டுச்சு அண்ணி. பிள்ளை எங்க, இன்னும் வரலையான்னு. நானும் நீங்களும் நின்னுக்கிட்டுத்தான இருந்தோம்."

அது மயக்கத்தில் கேட்டது. மயக்கத்தில் கேட்பதைக் கணக்கில் எடுக்க முடியாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

மாடி அறையைச் சுத்தம் செய்தேன். பழைய மெத்தையை வெயிலில் போட்டேன். காற்றாடி சத்தம் போடுகிறது, எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

சிந்துஜா சோர்ந்திருக்கிறாள். வேறு கம்பெனியில் நேர்காணல் முதல் சுற்று சரியாகப் போகவில்லையாம். இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போவதா என்று கேட்டாள். முதல் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது, கடைசி எண்ணிக்கை வரட்டும் என்று எழுதினேன். அவள் பள்ளியில் படிக்கும்போது ஒவ்வொரு காலாண்டுத் தேர்வு மார்க்குக்கும் வீட்டில் நான் சொல்வது இதுதான். நல்ல யோசனை எல்லோருக்கும் பொருந்தும்.

பதில் வரவில்லை. ரயிலை விட்டு இறங்கியிருப்பாள்.

அக்டோபர் 7, திங்கள்

படகில் அவளுக்கு இரண்டு போர்வை பாக்கி. கொடி வைக்கவில்லை. நான் தயாராக வைத்திருக்கிறேன். அவள் கேட்கட்டும் என்று முடிந்ததைத் தறியிலேயே விட்டிருப்பதால் அடுத்தது ஓடவில்லை. தறி சும்மா நிற்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

மத்தியானம் ஆபீஸில், டப்பாவைத் திறக்கும்போது வந்தது.

"செண்பகம் அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க பொண்ணு பேரு என்ன?"

அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சாதாரணமாகக் கேட்டதாகவும் இருக்கலாம். இன்னும் டிக்கெட் போடவில்லை என்று போன வாரம்தான் சொன்னாள். மாடி அறை தயாராக இருக்கிறது. இன்னும் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். டிக்கெட் போட்டுவிட்டால் மாற்றுவது கஷ்டம், காசு போகும். அதற்குப் பிறகு சொன்னால் கோபித்துக்கொண்டாவது வருவாள். வந்துவிட்டால் பேசலாம். இதையெல்லாம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். அவசரப்படவில்லை.

பவித்ரா என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் அவள் எழுதிக்கொண்டிருப்பதாகப் புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

"நல்ல பேரு" என்று வந்தது.

அக்டோபர் 9, புதன்

குட்டித்தவளை குழுவில் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ராஜாத்தி பஸ் ஏறி வந்தாள். உட்காரச் சொல்லும் முன் நின்றபடியே சொன்னாள். முதல் எண்ணிக்கை, கடைசி எண்ணிக்கை என்று பேச உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சிந்துஜா கேட்டாளாம். இரண்டு நாள் தூங்கவில்லையாம். கோபத்தில் இல்லை, முதலில் சந்தோஷத்தில்தானாம். அம்மா தன்னைத் தேடி ஆடும் மாடும் மேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அத்தையிடம் சிரித்திருக்கிறாள்.

"அவங்க வாயால சொல்லட்டும்னுதான் அத்தை, பேரக் கேட்டேன்னு சொன்னா. சிந்துஜானு ஒரு வார்த்த எழுதிருந்தா அன்னைக்கே டிக்கெட் போட்டிருப்பாளாம், நேரா திண்டுக்கல்லுக்கு."

காபி போட்டேன். பால் திரிந்திருந்தது. கடைக்குப் போய்ப் புதிய பால் வாங்கிவந்து போட்டேன். நான் வரும்வரை ராஜாத்தி அந்தச் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கேட்ட விதத்தில் அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு கேள்வியின் நோக்கத்தைக் கேட்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. டிசம்பரில் வரவில்லை என்று ராஜாத்தியிடம் சொல்லிவிட்டாளாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விளையாட்டில் எல்லாருடைய பண்ணையிலும் மத்தாப்பு வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

குழுவை விட்டுப் போனாலும், நண்பர் பட்டியலில் இருப்பவரின் பண்ணைக்குள் போய்ப் பார்க்க முடியும் என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். பட்டியலிலிருந்து என்னை நீக்கவில்லை. மறந்திருக்கலாம்.

போய்ப் பார்த்தேன். கோதுமை விளைந்து அப்படியே நிற்கிறது. ஆடுகள் பசியில் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே பசித்தாலும் எதுவும் சாவதில்லை, அப்படியே உட்கார்ந்திருக்கும். தறியில் போர்வை ஒன்று எப்போதோ முடிந்து எடுக்கப்படாமல் இருக்கிறது. அவளே தனக்கு ஒன்று போட்டிருக்கிறாள். வெளியாள் அதைத் தொட முடியாது. கோழிக்குத் தண்ணீர் மட்டும் வைக்கலாம். வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

தினமும் ஒரு தடவை போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குழுவில் நான் முன்போல் இல்லை என்று மருந்துக்கடைக்காரர் வருத்தப்பட்டார். வேலை அதிகம் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ராஜாத்தியைப் பார்க்க மதுரைக்கு வருவதாகச் சொன்னேன். இந்த மாதம் வேண்டாம், வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சாமான் எல்லாம் வெளியே கிடக்கிறது என்றாள். சரி என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

நல்ல செய்தி. சிந்துஜாவின் பண்ணையில் கோதுமை அறுவடை ஆகியிருக்கிறது! ஆடுகள் தின்றிருக்கின்றன. தறியில் புதிதாகப் போர்வை ஓடுகிறது. நேற்று ஆபீஸ் போகும்போதுகூட அப்படியே கிடந்தது. இன்று இட்லி ஊற்றிவிட்டுப் பார்த்தேன், எல்லாம் மாறியிருந்தது. அங்கே அப்போது விடிந்தே இருக்காது. தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. ஆனால் திரும்ப விளையாடுகிறாள். முன்பைவிட ஒழுங்காக அடுக்கியிருக்கிறாள், சின்னது பகலுக்கு, பெரியது இரவுக்கு. நான் சொல்லிக்கொடுத்த வரிசைதான்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்றும் காலையில் அறுவடை. ராஜாத்தியிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். எடுத்தாள், ஆனால் சரியாகப் பேசவில்லை. பின்னால் டி.வி. சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். வெள்ளையடிப்பவர்கள் இருக்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள்.

டிசம்பர் 26, வியாழன்

பண்ணை இரண்டு நாளாக மறுபடி அப்படியே நிற்கிறது.

டிசம்பர் 29, ஞாயிறு

ராஜாத்தி வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே ஜெர்மன் சாக்லேட் டப்பா, பிரிக்காதது. அதை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிந்துஜா ஒரு வாரம் மதுரையில் இருந்தாளாம். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டாள். ஏறியபின் ஊர் போய்ச் சேர்ந்து போன் வரும்வரை ராஜாத்தி காத்திருந்துவிட்டு வந்திருக்கிறாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா அண்ணி. சொன்னா நீங்க வந்து நிப்பீங்க, அவ கெளம்பிருவா. அந்த ஒரு வாரமாச்சும் பிள்ளை நிம்மதியா இருக்கட்டும்னு... நல்லபடியா போய்ச் சேரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

மெலிந்திருக்கிறாளா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாளாம். அந்த நேர்காணலில் வேலை கிடைத்துவிட்டதாம். காலையில் எழுந்ததும் ஊஞ்சலில் உட்கார்ந்து போனில் ஆடு மேய்ப்பாளாம், அத்தையின் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. சாக்லேட் எனக்கென்று கொடுத்தாளா என்று கேட்டேன். ராஜாத்தி டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். தனக்கென்று கொடுத்ததை எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவளால் சாப்பிட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். ஏறும்போதும் அழுதாள். பரவாயில்லை, நீ செய்தது சரிதான் என்று சொல்லி அனுப்பினேன். சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இங்கிருந்து மதுரைக்கு ஒன்றரை மணி நேரம். பஸ் கால் மணிக்கு ஒன்று இருக்கிறது.